நாலு பேர், ரெண்டு நாய், ஒரு வேன்: தை கடைசியில் டெல்டாவுக்குப் போகலாமா?

சக்கரவீடு:
வணக்கம். சென்னையில் இருக்கிறோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஆர்டிஓ ஒப்புதலும் வாங்கியாச்சு. நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், அப்புறம் ஒரு சிப்பிப்பாறை, ஒரு நாட்டு நாய். வேனில் இதுவரை ஒரு இரவுகூடத் தங்கியதில்லை.

முதல் பயணம் மூன்று இரவு. கல்லணைப் பக்கம் காவிரிக் கரையில் ஒன்று, அணைக்கரையில் கொள்ளிடக் கரையில் ஒன்று, கடைசி இரவு கோடியக்கரை. அறுவடை முடிந்த வயல் காலியாகத்தானே கிடக்கும், எங்காவது ஓரமாக இறக்கி நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் அப்பா பாபநாசம் பக்கத்துக்காரர். அவர் ஊரைப் பிள்ளைகளுக்கு லாட்ஜ் ஜன்னல் வழியாகக் காட்ட எனக்கு மனசில்லை. நாய்களும் வீட்டு ஆட்கள்தான், விட்டுவிட்டு வர முடியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

களத்துமேடு:
தம்பி, தாராளமாக வாங்க. ஆனால் "காலி வயல்" என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்ப்பவன்.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே நிற்கிற கதிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். மெஷின் அறுத்துவிட்டுப் போகும்போது தாளுக்கு நடுவில் ரெண்டு இலை விட்டிருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் கண்ணுக்கு அது காய்ந்த வயல். எங்களுக்கு அடுத்த வெள்ளாமை. வேன் ஒருமுறை ஏறி இறங்கினால் அந்தத் தடத்தில் ஒரு செடி தேறாது. மண்ணும் வண்டல் களி. மேலே வெடித்துக் கிடக்கும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும். பின் சக்கரம் இறங்கிவிட்டால் டிராக்டர் கட்டித்தான் இழுக்கணும்.

இன்னொன்று, தை மாசம் ராத்திரியிலும் இங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கிடப்போம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். அதனால் பகலில் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருப்போம். செருப்புக் காலோடு நெல்லில் ஏறுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதன் மேல் உங்கள் சிப்பிப்பாறை பாய்ந்து ஓடினால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடுராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தெரியாத வேன் கரையில் நின்றால், நெல்லுக்குக் காவல் படுத்திருப்பவன் என்ன நினைப்பான்?

கூண்டுவண்டி:
வயலைப் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு சக்கரவீடு பயணத்தையே கைவிட்டால் அது பெரிய நஷ்டம். நாங்கள் இதே மாதிரி முதல் தடவையாக, 7 வயது மகளோடும் ஒரு லாப்ரடாரோடும் போனோம். முதல் நாளே தப்பு செய்தோம். மேப்பை நம்பி வெட்டாற்றுக் கரையில் ஏறிவிட்டேன். போகப் போகப் பாதை ஒடுங்கி, கடைசியில் ஒரு பழைய செங்கல் மதகு. அதில் சைக்கிள் போகும், வேன் போகாது. திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால். என் மனைவி போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் நடக்க, அரை கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தேன். உள்ளே நாய் குரைக்கிறது, மகள் அழுகிறாள்.

கரை முடிகிற இடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். "தோப்புல நிறுத்திக்க, தென்னைக்கு அடியில மட்டும் வேண்டாம், மட்டை விழும்" என்றார். அவ்வளவுதான். காலையில் மகள் எழுந்து பார்த்தபோது வேலிக்கு அந்தப்பக்கம் தாளில் நூற்றுக்கணக்கான வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க அவள் வேறெதுவும் பேசவில்லை. ஆகவே போங்கள். பொழுது சாயும் முன் ஒரு வீட்டு வாசலில் இறங்கி, கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, நாய் உட்பட எல்லாரும் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். ஜன்னலை முழுக்க அடைத்தால் விடியற்காலையில் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்து படுக்கை நனையும். டெல்டாவில் தைப் பனி வேறு. ரெண்டு பக்கமும் விரற்கடை அளவு திறந்து, கொசுவலை அடித்துவிடுங்கள்.

கும்பகோணத்து மருமகள்:
எல்லாரும் வேனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நாய்களைப் பற்றிப் பேசுகிறேன். முதல் பயணத்துக்கு அவை வேண்டாம், வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

5 வயதுப் பிள்ளையின் கையையும் நாயின் கயிற்றையும் ஒரே ஆள் பிடிக்க முடியாது. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாய்க்கூட்டம் உண்டு. புது நாய் இறங்கியதும் ஐந்தாறு சேர்ந்து சுற்றி வளைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினரின் நாயை அப்படித்தான் கடித்துக் குதறின. விலக்கப் போன பையனுக்கும் கையில் கடி. உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஊசிக்கு ஓடினோம்.

அணைக்கரையில் நாயோடு கொள்ளிடக் கரையா? அங்கே ஆற்றில் முதலை உண்டு, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் ஓரம் நாயும் குழந்தையும் விளையாட அது இடமில்லை. கோடியக்கரை வெளிமான் சரணாலயம். அதற்குள் நாயை விட மாட்டார்கள், விடவும் கூடாது. மூன்று இரவில் ரெண்டு இரவுக்கான இடம் நாயோடு ஒத்து வராது. பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் போனால் யாராவது ஒருவர் வெளியிலேயே நிற்க வேண்டும். இது யாருக்கான பயணம்?

சக்கரவீடு:
அக்கா, நியாயமான கேள்வி. கோயிலுக்கு நானும் மனைவியும் முறை வைத்துப் போய்க்கொள்வோம், அது எங்களுக்குக் கஷ்டமில்லை. நாட்டு நாய்க்கு 11 வயது. ஒருமுறை காப்பகத்தில் விட்டபோது நாலு நாள் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது விலா எலும்பு தெரிந்தது. அதை மறுபடி செய்ய மாட்டேன். அணைக்கரையையும் கோடியக்கரையையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் கல்லணை? ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்களே, அப்புறம் ஆறு வெறும் மணல்தானே?

களத்துமேடு:
மூடினாலும் மடுவில் தண்ணீர் கிடக்கும் தம்பி. மணல் அள்ளிய பள்ளம் மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், கால் வைத்தால் ஆள் உயரம். வெளியூர்ப் பிள்ளைகள் போவது அங்கேதான். கரையில் நின்று காட்டுங்கள், படித்துறையில் உட்காருங்கள். மணலில் வேனையும் இறக்காதீர்கள், பிள்ளைகளையும் இறக்காதீர்கள்.

நாலுகால் நண்பன்:
கால்நடை மருத்துவராக மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, வெயிலில் நிறுத்திய வேனுக்குள் நாயைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். தைதானே என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூடிய வண்டியில் பத்து நிமிடத்திலேயே சூடு நன்றாக ஏறிவிடும். இரண்டு, வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே சீட்டைப் பாருங்கள். வெறிநோய்க்கு முதல் தடவை போடுவதாக இருந்தால் கிளம்ப மூன்று வாரமாவது இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நாயை ராத்திரி வேனுக்கு அடியில் கட்டாதீர்கள், யாரும் தரையில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் திரியும். தூங்குகிறவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட இடமும் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி, இமை சரிகிறது என்று ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயல் பக்கத்தில் கூடாரத்தைவிட வேன் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ராத்திரி டூட்டி:
ஏசிக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்திருக்கிறது. அதற்கு மணம் கிடையாது.

கும்பகோணத்து மருமகள்:
11 வயது என்று முன்பே சொல்லியிருக்கலாமே. அதைக் கூட்டி வாருங்கள், வயதான நாய் காலடியில் படுத்துக்கொள்ளும். சிப்பிப்பாறை விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. வயலில் ஓர் எலி ஓடினால் போதும், கயிற்றோடு உங்கள் மகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கூண்டுவண்டி:
அக்கா, சிப்பிப்பாறையை மட்டும் விட்டுவிட்டு வந்தால் அது வீட்டில் ஊளையிடும். மார்பில் மாட்டுகிற பட்டை, ரெண்டு கயிறு, பெரியவர் கையில் மட்டும். காலையில் ஆள் எழுவதற்கு முன் தார் ரோட்டில் அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டால் பகலெல்லாம் தூங்கும்.

கும்பகோணத்து மருமகள்:
தையில் இங்கே ஆள் எழுவதற்கு முன் என்று ஒரு நேரம் இல்லை. களத்துமேடு அண்ணன் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். நெல் ரோட்டில்தான் கிடக்கும்.

சக்கரவீடு:
மூன்று இரவும் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறோம், பகலில் மட்டும் சுற்றுகிறோம். வாசல் ஒத்திகை இந்தச் சனிக்கிழமை. சிப்பிப்பாறை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒத்திகையில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தங்குவதற்கு நல்ல தோப்பு தெரிந்தால் சொல்லுங்கள், வாடகை தருகிறேன்.

களத்துமேடு:
வாடகையெல்லாம் வேண்டாம். எங்கள் களத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் மேட்டு இடம் இருக்கிறது, லாரி நிற்கிற கெட்டி மண். போர் தண்ணீர் உண்டு. கழிவறைக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள், உங்கள் வேன் தொட்டியை மட்டும் வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். மேற்கு வேலி ஓரம் அந்த வாரம் வாத்துக்காரர் கிடை போடுவார். சிப்பிப்பாறை வந்தால் கிழக்குப் பக்கம் கட்டுங்கள். வழியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், மேப்பைப் பார்த்து வராதீர்கள். பாலத்துக்கு அப்புறம் அது தப்பாகக் காட்டும்.