'மா' – சௌராஷ்டிரா பேசுபவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்காக 'மா' என்ற ஓரெழுத்துச் சொல்லை வைத்துச் சுவர்ப்படம் செய்கிறோம். தமிழில் மட்டும் மாமரம், மாவு, விலங்கு, குதிரை, பெரிய. பழைய கணக்கில் 1/20, பழைய நில அளவையில் 20 மா சேர்ந்தது 'வேலி' என்ற அளவு. எவ்வளவு வளம் பாருங்கள்! தெலுங்கில் 'எங்கள்', இத்தாலியனில் 'ஆனால்'. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டுதல். குதிரை தமிழ், சீனம் இரண்டிலும் வருவதை வைத்து உறவு கொண்டாடிவிடக் கூடாது, அது தற்செயல் ஒற்றுமைதான்.

மதுரை சௌராஷ்டிரா மக்களே, உங்கள் வீட்டுப் பேச்சில் 'மா'வுக்கு என்ன பொருள்? அப்புறம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் பழைய பத்திரத்தில் நில அளவாக 'மா' இருந்தால், பெயர்களை மறைத்துப் படம் அனுப்புங்களேன்.