ஷின்சான் குரல் வருகிறது, கோக்கு குரலில் தொண்டை கட்டிவிடுகிறது: வழி சொல்லுங்கள்

சத்துவாச்சாரி மாமன்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விசேஷங்களுக்கு வரும் பிள்ளைகளுக்காக ஷின்சான், டோரேமான், பிக்காச்சு, கோக்கு ஆகிய அனிமே பாத்திரங்களின் குரலில் பேசிக் காட்டுவது மூன்று ஆண்டுகளாக என் வழக்கம். சென்ற மாதம் அக்கா மகளின் பிறந்தநாளன்று மொட்டை மாடியில் ஏறத்தாழ இருபது பிள்ளைகள் இருந்தார்கள். ஷின்சானுக்கு நன்றாகச் சிரித்தார்கள். டோரேமானாகப் பேசத் தொடங்கியதும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, “இதுவும் ஷின்சான்தானே, மாமா?” என்று கேட்டாள். கடைசியாகக் கோக்குவின் ‘காமேஹாமேஹா’ முழக்கத்தை என் பலம் முழுவதையும் கூட்டிக் கத்தினேன். பாதியில் குரல் பிளந்து, வெறும் காற்றுதான் வந்தது. அதன் பிறகு இரண்டு நாட்கள் தொண்டை கட்டியிருந்தது.

அடுத்த மாதம் அக்காவின் இளைய மகனுக்குக் காதணி விழா. தாய்மாமன் என்பதால் அவன் என் மடியில்தான் உட்காரப் போகிறான். அவன் அழும்போது அவனுக்குப் பிடித்த பிக்காச்சுவாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை. என் குரல்கள் ஏன் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன, தொண்டைக்குக் கேடு இல்லாமல் முழங்குவது எப்படி என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

காட்பாடி குரல் பயிற்சியாளர்:

வணக்கம். முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். “பாட்டி, தட்டை எடுத்துக் கொடு” என்ற வாக்கியத்தில் மூக்கு வழியாக ஒலிக்கும் மெல்லின எழுத்து ஒன்றுகூட இல்லை. இதை ஷின்சானாகவும் டோரேமானாகவும், மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒருமுறையும் விட்டுவிட்டு ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். மூக்கைப் பிடித்ததும் இரண்டு குரலுமே அடைபட்டு மாறினால், நீங்கள் இரண்டையும் மூக்கு வழியாகவே பேசுகிறீர்கள் என்று பொருள். அந்தச் சிறுமிக்குக் குழப்பம் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஷின்சானுக்குத் தாடையைத் தளர்த்தி, உதட்டைச் சற்று முன்னே குவித்து, சொல்லின் கடைசி எழுத்தைச் சோம்பலாக இழுத்தால் போதும். டோரேமானுக்கு மூக்கை விட்டுவிட்டு, வாயின் உட்புறத்தை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வயிற்றுப் பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது அதன் பெயரைப் பாடுவதுபோல் நீட்டி அறிவிப்பார். பிள்ளைகள் அவரை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த அறிவிப்பில்தான். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, அதற்குள்ளிருந்து ஒரு சாதாரணக் கரண்டியை எடுத்து “கரண்டீ…” என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள்.

கோக்கு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய மொழியில் 1986 முதல் கோக்குவுக்குக் குரல் கொடுத்து வருபவர் மசாகோ நோசாவா என்ற பெண்மணி. ஷின்சானுக்கு 1992 முதல் 2018 வரை குரல் கொடுத்த அகிகோ யாஜிமாவும், பிக்காச்சுவின் இகுவே ஓட்டானியும் பெண்களே. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்ணின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. அந்த உயரத்தை எட்டிப் பிடிக்க நீங்கள் கழுத்தை இறுக்கித் தள்ளினால் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி வீங்கும். நீங்கள் சொன்ன இரண்டு நாள் தொண்டைக்கட்டு இப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே உயரத்தை விட்டுவிட்டு, அந்தப் பாத்திரம் பேசும் நடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு தம்ளரில் பாதியளவு தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழத்துக்குள் விட்டு, ‘ஊ’ என்று மெல்ல ஒலித்தபடி ஐந்து நிமிடம் குமிழி விடுங்கள். நாண்கள் இறுக்கமின்றி அதிரப் பழகும். தொண்டை கட்டிய பிறகு கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

ஆரணி வாசகி:

வெயில் நாளில் மாடியில் நின்று பேசுவதாக இருந்தால் தண்ணீரை முன்கூட்டியே குடித்துக்கொண்டே இருங்கள், அண்ணா. ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய் கொத்சும் நிகழ்ச்சிக்குப் பிறகு இருக்கட்டும். வயிறு நிறையக் காரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கத்தினால் எனக்குப் புளித்த ஏப்பமும் தொண்டை எரிச்சலும்தான் மிஞ்சின.

செய்யாறு கூத்துக்காரர்:

தம்பி, நான் தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுபவன். உங்கள் அனிமே பாத்திரங்களை என் பேரன் வழியாகத்தான் அறிவேன். ஆனால் விடிய விடியத் தொண்டையைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆர்மோனியக்காரர் எங்களுக்கு எட்டும் கட்டையில்தான் சுருதி வைப்பார். அதற்கு மேலே போய்ப் பாடி நான் திரௌபதியாகிவிட முடியாது. நடை, தலைச் சாய்வு, சொல்லை எடுக்கும் விதம் இவைதாம் திரௌபதி.

எங்கள் கூத்தில் வேடம் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடிக்க, முகம் தெரியும் முன்பே குரல் வந்துவிடும். யார் வருகிறார்கள் என்று கூட்டம் காதால் தெரிந்துகொள்ளும். பிறகு கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் “நீ யார்?” என்று கேட்க, வேடம் தன்னைச் சொல்லும். நீங்களும் கதவுக்குப் பின்னால் நின்று முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரைக் கட்டியக்காரனாக வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அந்த முழக்கத்தின் கடைசி ‘ஹா’வைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். முன் எழுத்துகளைத் தாழ்ந்த குரலில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே கைகளைப் பின்னால் கொண்டுபோனால், அவர்களே கத்தி முடிப்பார்கள்.

சத்துவாச்சாரி மாமன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனையில் இரண்டு குரலும் மூக்கில்தான் இருந்தன. இப்போது டோரேமான் பிரிந்து வருகிறார். பிக்காச்சுவுக்கு மட்டும் குரல் கனமாகவே இருக்கிறது, என்ன செய்யலாம்?

காட்பாடி குரல் பயிற்சியாளர்:

‘ஈ’ என்று சொல்லும்போது இருப்பதுபோல் உதட்டை விரித்து, மிகக் குறைந்த காற்றில், பொய்க்குரலில், அதாவது இயல்பான குரலுக்கு மேலே வரும் மெல்லிய குரலில் பேசுங்கள். பிக்காச்சு பெரும்பாலும் தன் பெயரின் எழுத்துகளை வைத்தே பேசுவதால், கேள்வியா கோபமா என்பதை ஏற்ற இறக்கம்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்ற அளவிலேயே பழகுங்கள். கூட்டத்துக்கு மைக் இருக்கிறது.

சத்துவாச்சாரி மாமன்:

நேற்று காதணி விழா நல்லபடியாக முடிந்தது. மாலையில் பிள்ளைகளிடம் கதவுக்குப் பின்னாலிருந்து பேசியபோது, நான் வெளியே வரும் முன்பே “டோரேமான்!” என்று கூவினார்கள். கடைசி ‘ஹா’வை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்; இன்று காலை என் குரல் தெளிவாக இருக்கிறது. காலையில் ஆசாரி முதல் காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுதான். அவன் காதோரம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி “பிக்கா?” என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு, என் வாயைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தான். அதற்குள் ஆசாரி இரண்டாவது காதையும் முடித்துவிட்டார்.