பாக்கெட் ஸ்விட்ச்சிங்: பொதியா, பொட்டலமா, சிப்பமா?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். கிராம நூலகங்களில் இணைய வசதியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பாக்கெட் ஸ்விட்ச்சிங்’ என்ற இடத்தில் நிற்கிறேன். பழைய தொலைபேசியில் இரண்டு பேர் பேசினால், பேசி முடிக்கும்வரை தடம் அவர்களுக்கே. இதிலோ தரவைத் துண்டாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி அனுப்புகிறோம். ஒருவர் வந்த பக்கத்தைப் படிக்கிற நேரத்தில் அடுத்தவருடைய துண்டுகள் போகும். ஒற்றை இணைப்பை ஓர் ஊரே பகிர முடிவது இதனால்தான். ‘பொட்டல மாற்றல்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

பொட்டலம் வேண்டாம் அம்மா, பொதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் புலி முத்திரை குத்தி வெளியே அனுப்பும் சரக்கைப் பட்டினப்பாலை ‘பொதி மூடை’ என்கிறது. அடையாளம் பொறித்து, அடுக்கி வைத்து, முறை வந்ததும் புறப்படும் மூடை. நீங்கள் சொல்லும் தலைப்பு முகவரியும் வரிசையும் அப்படியே இருக்கின்றன. அதே பாட்டில் வழிப்போக்கர் தங்கும் பொதுமன்றத்துக்குப் பொதியில் என்று பெயர். பொதியும் பொதுவும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. பலருக்குப் பொதுவான கம்பி, அதில் பொதி. ‘பொதியஞ்சல்’ என்றே வைக்கலாம்.

திருநெல்வேலி:

ஐயா, பொதிதல் என்றால் நிறைத்தல், மூடுதல். பொதியில் என்பது பொது இல். இரண்டையும் ஒரே வேரில் கட்ட முடியாது. அரிசி மண்டியில் இன்றும் ‘25 கிலோ சிப்பம்’ என்கிறார்கள். அளவு குறித்த கட்டு என்பதால் சிப்பமே பொருத்தம்.

தஞ்சாவூர்:

சிப்பத்தோடு மாற்றல் சேர்ந்தால் மகரம் கெட்டு ‘சிப்பமாற்றல்’ ஆகும். யாருக்குப் புரியும்?

மட்டக்களப்பு:

பொதி எங்களுக்கு நாளாந்தச் சொல். தபாலில் வருகிற பார்சல்தான் பொதி. ஆகவே ‘பொதியஞ்சல்’ என்றால் இங்கே பார்சல் தபால் என்றே விளங்கிக்கொள்வார்கள். ஸ்விட்ச்சை நாங்கள் ஆளி என்போம், ஆனால் அது சுவரில் இருப்பது; இங்கே பொருந்தாது. ‘பொதி மாற்றம்’ போதும்.

சென்னை, வலையமைப்புப் பொறியாளர்:

ஒரு செய்தி இந்த விவாதத்துக்கே உரியது. ‘பாக்கெட்’ என்ற பெயரை வைத்தவர் டொனால்ட் டேவிஸ், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவர். 1965-66இல் இந்த முறையை வகுத்தபோது மொழியியல் அறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, மற்ற மொழிகளிலும் சிதையாமல் பெயர்க்க முடிகிற சொல்லாகத் தேடி ‘பாக்கெட்’டை எடுத்தார். அவரே நம்மை மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார். அப்படியே ஒலிபெயர்த்து வைப்பது சோம்பல்.

அப்புறம், கையேட்டின் பெட்டிச் செய்தியில் ‘அமெரிக்க ராணுவம் கண்டுபிடித்தது’ என்று இருக்கிறதே, அதை மாற்றுங்கள். டேவிஸுக்கு முன்பே அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் பிழைத்திருக்கும் வலையமைப்பாக இதே கருத்தை எழுதி 1964இல் வெளியிட்டார். அவர் சொன்ன பெயர் ‘செய்தித் தொகுதி’. டேவிஸின் நோக்கம் வேறு; பலர் ஒரே நேரத்தில் கணினியோடு உரையாட வேண்டும் என்பது. இருவரும் தனித்தனியே கண்டார்கள். 1967இல் கேட்லின்பர்க் கருத்தரங்கில் டேவிஸ் குழுவின் ரோஜர் ஸ்கேன்டில்பரி பேசியபோதுதான் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை வடிவமைத்துக்கொண்டிருந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ் பாரனின் வேலையின் பயனை அறிந்துகொண்டார்.

கோயம்புத்தூர்:

அமெரிக்கக் கணினி அறிஞர் லெனர்ட் க்ளைன்ராக்கை விட்டுவிட்டீர்கள். ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று அவர் ஆய்வகத்திலிருந்துதான் போனது. ராபர்ட்ஸே அவருக்குப் பெருமை தந்தார்.

சென்னை:

க்ளைன்ராக் செய்தது வரிசைக் கோட்பாடு, அதாவது செய்திகள் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற கணக்கு; பெரிய வேலைதான். ஆனால் செய்தியைத் துண்டாக்கும் கருத்து அவருடைய ஆய்வேட்டில் இல்லை என்று டேவிஸ் எழுதிவைத்துப் போனார். அவர் 2000இல் மறைந்த பிறகு அது அச்சில் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் படிக்கப்போகிற பக்கத்தில் பாரன், டேவிஸ் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

கோயம்புத்தூர்:

நான் ஒப்பவில்லை. மூன்று பெயர் வேண்டும்.

புதுச்சேரி, பயிற்சியாளர்:

இந்த ஊர்ப் பக்கம் 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர்கள் கேட்டது அலை எத்தனை உயரம் என்பதைத்தான், கலைச்சொல்லை அல்ல. வகுப்பில் எல்லாரும் பாக்கெட் என்றே சொல்கிறார்கள். கருவியின் திரையிலும் பாக்கெட்தான் வருகிறது. நூலகத்தில் இணைப்பு அறுந்தால் இவர்கள் தொலைபேசியில் ‘பாக்கெட் லாஸ்’ (துண்டுகள் வழியில் தொலைவது) என்று சொல்லித்தான் உதவி கேட்க வேண்டும். பொதி என்று படித்துவிட்டு அந்த நேரத்தில் தடுமாறக் கூடாது.

தஞ்சாவூர்:

இதே காரணத்தைச் சொல்லித்தான் ஒவ்வொரு சொல்லையும் கைவிடுகிறோம். பாடத்தில் வராத சொல் எங்கே பழகும்?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

இன்று இரவு கோப்பை அனுப்ப வேண்டும். பொதி என்று இரண்டு பேர், சிப்பம் ஒருவர், பாக்கெட் ஒருவர். ‘பொதி மாற்றம்’ என்று வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘பாக்கெட் எனப்படும் பொதி’. பழுதுபார்க்கும் பகுதியில் பாக்கெட்டே இருக்கும், ஏனென்றால் அங்கே புதுச்சேரி நண்பர் சொல்வது நியாயம். பெட்டியில் பாரன், டேவிஸ்.

திருநெல்வேலி:

ஒரே கையேட்டில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல்லா? அடுத்த பதிப்புக்குள் தீர்க்க வேண்டும். சிப்பத்தை நான் விடவில்லை.

கோயம்புத்தூர்:

க்ளைன்ராக் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.