ஓட்டம் குறைந்த பழைய எல்ஃபா, ஓட்டம் கூடிய கன்ரரா? லொறி வாங்க ஆலோசனை வேண்டும்

தென்மராட்சியான்:

வணக்கம். யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியிலிருந்து தேங்காயும், பருவத்தில் மாம்பழமும் பலாப்பழமும் ஏற்றித் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கரட், லீக்ஸ், கோவா ஏற்றி வருவதற்கு ஒரு லொறி வாங்க எண்ணியிருக்கிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கினாலும், வரியும் சேரும்போது புதிய லொறி எனக்கு எட்டாத விலையில் இருக்கிறது. பார்த்தவற்றுள் இரண்டு மனத்தில் நிற்கின்றன. ஒன்று ஊர்காவற்றுறையில் உள்ள 1997ஆம் ஆண்டு இசுசு எல்ஃப். மீற்றர் 1,18,000 கிலோமீற்றர் காட்டுகிறது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். மற்றது 2012ஆம் ஆண்டு மிற்சுபிசி கன்ரர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய வாகனம், 3,60,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. எல்ஃபின் விலை கணிசமாகக் குறைவு. வீட்டில் எல்லோரும் ஓட்டம் குறைந்ததையே எடுக்கச் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சுன்னாகம் கராச்:

தம்பி, முதலில் அந்த 1,18,000ஐ ஆண்டுகளால் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீற்றர் மட்டில்தான் வரும். தம்புள்ளைக்குப் போய்வர ஏறத்தாழ 500 கிலோமீற்றர் என்பதால், ஆண்டில் எட்டுத் தடவை போய்வந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். உழைப்புக்கென்று வாங்கிய லொறி அவ்வளவு குறைவாக ஓடியிருந்தால், ஒன்றில் மீற்றர் இடையில் பழுதாகியோ திருப்பப்பட்டோ இருக்க வேண்டும், அல்லது லொறி நெடுங்காலம் நின்றிருக்க வேண்டும். மிதிகட்டை றப்பரும் ஸ்டியரிங் வளையமும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீற்றரை நம்பாதீர்கள்.

உண்மையாகவே நின்ற வாகனமென்றால் அதற்கு வேறு நோய்கள் உண்டு. பிறேக் சிலிண்டர்களின் றப்பர் கப்புகள் காய்ந்துவிடும், எஞ்சினிலும் கியர்பொக்ஸிலும் உள்ள ஒயில் சீல்கள் இறுகி வெடிக்கும், டீசல் தாங்கியில் நீர் கோத்து அடியில் சேறு படியும். இவையெல்லாம் பணத்தால் தீரக்கூடியவை. தீராதது கறள். ஊர்காவற்றுறைத் தீவுப்பகுதியின் உப்புக்காற்றில் நின்ற லொறியின் செசியை (அடிச்சட்டத்தை), குறிப்பாகப் பின் ஸ்பிறிங் பிளேட் பொருந்தும் இடங்களையும் பெட்டிக்குக் கீழே மண் அடையும் மூலைகளையும், சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். எஞ்சினை யாழ்ப்பாணத்திலேயே பிரித்துப் பூட்டலாம், உக்கிய செசியில் பாரம் ஏற்ற நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

கன்ரரின் 3,60,000ஐக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஏ9 வீதியில் மேல் கியரில் சீராக ஓடிய தூரம், சந்தைகளுக்குள் நின்று நின்று ஓடிய அதே தூரத்தைவிடக் கிளச்சையும் எஞ்சினையும் மிகக் குறைவாகவே தேய்க்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான பின் ஒயில் மூடியைத் திறந்தால் புகை பலமாகத் தள்ளுகிறதா, புகைக்குழாயில் நீலப்புகை வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

வடமராட்சிச் சாரதி:

கராச் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய எல்ஃபின் டீசல் பம்ப் பொறிமுறையால் இயங்குவது. மாங்குளத்தில் நின்றாலும் அங்குள்ள மெக்கானிக் திறந்து பார்ப்பார். 2012 கன்ரர் கொமன் றெயில் முறை, அதாவது உயர் அழுத்த டீசலைக் கணினி அளந்து, இன்ஜெக்டர்கள் என்ற தெளிப்பான்களால் எஞ்சினுக்குள் பீய்ச்சும் முறை. சென்சர் ஒன்று பழுதானாலே இடைவழியில் நிற்கக்கூடும், இன்ஜெக்டர்களின் விலையும் பெரிது. 2022 எரிபொருள் நெருக்கடியில் பீப்பாய்களில் தேக்கிய டீசலும் மண்ணெண்ணெய் கலந்த டீசலும் பல வாகனங்களுக்குள் போயின. மண்ணெண்ணெய்க்கு வழுக்கும் தன்மை குறைவு என்பதால் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் உள்ளே தேய்ந்துவிடும். ஆகவே இன்ஜெக்டர்களைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். யாழ்ப்பாண நகருக்குள் மட்டும் ஓடுவதென்றால், கறள் இல்லாத எல்ஃபையே நான் எடுப்பேன்.

தென்மராட்சியான்:

இருவருக்கும் நன்றி. நேற்று எல்ஃபைப் பார்த்தேன். பின் ஸ்பிறிங் அருகில் செசியில் ஒட்டுப்போட்ட வெல்டிங் மேல் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ரயரில் 1409 என்று இருக்கிறது.

சுன்னாகம் கராச்:

1409 என்றால் 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த ரயர். பூ தேயாமல் இருந்தாலும் பாரத்தோடு அதில் ஓடக்கூடாது. ஒட்டுப்போட்ட செசியோடு அந்த எல்ஃபை மறந்துவிடுங்கள். கன்ரரின் சேர்விஸ் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். இன்ஜெக்டர் சோதனையில் குறை தெரிந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கு இணங்காவிட்டால் அதையும் விட்டு வேறு பாருங்கள்.

நல்லூர் வாசகர்:

கடதாசிகளையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டும் முதற் பதிவுத் திகதியும் வெவ்வேறாக இருக்கக்கூடும். யப்பானில் ஓடிய பின் இறக்கிய லொறியானால் இடைவெளி பெரிதாகவே இருக்கலாம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்று நேரில் ஒப்பிடுங்கள். கடன் கொடுத்த லீசிங் நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் முழு உரிமையாளராக இருந்தால், அந்தப் பெயர் நீங்கிய பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓடாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.