சம்பளம் எதற்கு: அப்பாவின் கடனுக்கா, என் அறை வாடகைக்கா?

தங்கச்சிமடம் 22:
ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. பாலிடெக்னிக் படித்தவன். கைக்கு வருவது 16,200 ரூபாய். அதில் மாதம் 9,000 வீதம் பதினொரு மாதமாக ஊருக்கு அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு நாட்டுப்படகு, நண்டு வலைதான் தொழில். படகுக்கும் என் படிப்புக்குமாக வியாபாரியிடம் அவர் வாங்கிய அட்வான்ஸ் 1,80,000.

ஐந்து பேர் தங்கும் அறையில் என் பங்கு 2,500. சாப்பாட்டுக்கு 4,000. மிஞ்சுவது 700. போன மாதம் காய்ச்சலில் எட்டு நாள் படுத்துவிட்டேன், சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அறையில் இருக்கும் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்பினேன். காய்ச்சலைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. இனி மாதம் 4,000 மட்டும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். தவறா?

வடகடல்:
தவறுதான் தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. அட்வான்ஸ் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? அந்தப் பணம் நிற்கும் வரை உன் அப்பா பிடிக்கும் நண்டு அந்த ஒரு வியாபாரியின் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். தராசு அவருடையது, விலையும் அவர் சொல்வது. பக்கத்துக் கொட்டகையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தாலும் உன் அப்பா அங்கே கூடையை இறக்க முடியாது. அந்தக் கடனில் உன் படிப்பும் இருக்கிறது. உன் தனி வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறாய், அவர் வாழ்க்கையோ அடகில் கிடக்கிறது.

நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் எங்களுக்குக் கடல். டீசலும் ஐஸும் போக மிஞ்சுவதில்தான் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் 8,000 ரூபாய் இரண்டு மாதத்துக்கு எந்த மூலைக்கு? கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் அனுப்பும் பணத்தில்தான் அந்த நாட்களில் அடுப்பு எரிகிறது. அவனும் ஐந்து பேர் அறையில்தான் இருக்கிறான்.

பாசிக்காரி மகள்:
வடகடல் ஐயா, உங்கள் மகன் அனுப்புவது அரிசிக்கு. இந்தத் தம்பி அனுப்புவது கடனை அடைக்க. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீர்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குத்தான் போனது. அம்மா கடற்பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, பாறையில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார். எங்கள் வீட்டிலும் அட்வான்ஸ் இருந்தது. ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்து பார்த்தால் கடனின் முதல் அப்படியே நின்றது. யாரும் ஏமாற்றவில்லை. அடைத்ததை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். வியாபாரிக்கு முதல் திரும்ப வர வேண்டும் என்ற அவசரம் கிடையாது. சரக்கு தன் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தால் அவருக்குப் போதும்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். நீ அனுப்பிய 99,000 ரூபாயில் எவ்வளவு வியாபாரியின் கடன் நோட்டில் கழிந்திருக்கிறது? அது தெரியாமல் 9,000 சரியா 4,000 சரியா என்று யாராலும் சொல்ல முடியாது.

வடகடல்:
பெற்ற தகப்பனிடம் பிள்ளை கணக்குக் கேட்பதா? அந்த மனிதர் இரவு இரண்டு மணிக்கு வலை இழுக்கக் கடலுக்குப் போகிறவர். வாடைக் காற்றில் கை விறைத்து நண்டைக் கழற்றுகிறவர். அவரை உட்காரவைத்து ரசீது கேட்கச் சொல்கிறாயா அம்மா?

பாசிக்காரி மகள்:
ஆமாம், கேட்கத்தான் சொல்கிறேன். நான் கேட்காமல் இருந்ததில் எனக்கு ஆறு வருடம் போய்விட்டது. மரியாதை என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காய்ச்சலை அம்மாவிடம் மறைத்தேன் என்று இந்தத் தம்பி எழுதியிருக்கிறானே, அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் அப்படித்தான் மறைத்தேன். அவர்களும் என்னிடம் பலவற்றை மறைத்தார்கள்.

கீழக்கரை சபுராளி:
ஷார்ஜாவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். கடமையா இல்லையா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. தம்பிக்கு உடனே உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

உன் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பார். பிடித்தம் இருந்தால், வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் கடந்து, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், உடம்பு சரியில்லாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்தில் 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. ஆனால் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். நீ வெளியில் ஊசி போட்டுக்கொண்டு அறையில் படுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிஎஃப் பணத்தையும் வேலை மாறும்போது எடுத்துவிடாதே. நான் பதினான்கு வருடம் மொத்தத்தையும் அனுப்பினேன். தரைக்கு மார்பிள் போட்ட வீடு இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் வேலை தேடுகிறேன்.

தங்கச்சிமடம் 22:
அண்ணன் சொன்னது சரி. பிடித்தம் இருக்கிறது. சான்றிதழ் வாங்கவில்லை.

நேற்று இரவு வீட்டுக்குப் பேசினேன். நோட்டைப் பற்றிக் கேட்டதும் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அட்வான்ஸில் கழிந்தது 16,000 மட்டும். வலை அறுந்து புது வலைக்கு 34,000. எஞ்சின் பழுதுக்கு 15,000. தங்கையின் நர்சிங் படிப்புக்கு 30,000. மீதி 4,000 அரிசிக்கு. அம்மா மனக்கணக்காகவே சொல்லிவிட்டார், ஒரு ரூபாய் பிசகவில்லை. வலை போனதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சாப்பிடாமல் அனுப்புவாய் என்று பயந்தோம் என்றார். நானும் காய்ச்சலைச் சொன்னேன். அழுதுவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் 1,64,000 இன்னும் நிற்கிறது. இப்படியே போனால் பத்து வருடம் ஆகும்.

பாசிக்காரி மகள்:
வீட்டுக்கு 4,000 தனியாக அனுப்பு. கடனுக்கு 3,000 தனியாக வை, அதை வியாபாரிக்கு நீயே நேராக அனுப்பி நோட்டில் எழுதவை. உன் கையில் 2,000 கூடுதலாக நிற்கட்டும். அடுத்த காய்ச்சலுக்கு.

வடகடல்:
வலைக்குப் போன 34,000 வீண் செலவு இல்லை. வலை இல்லாமல் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளை அனுப்பும் பணத்தைக் குறைப்பதை இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு வருடம் கட்டியும் முதல் நின்றது என்று அந்தப் பெண் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என் வீட்டிலும் நோட்டு கிடையாது.

தங்கச்சிமடம் 22:
இந்த வாரம் ஊருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குப் போய் 3,000 கொடுத்து எழுதி வாங்கலாம் என்று இருக்கிறேன்.

வடகடல்:
எடை போட்டு முடிய ஒன்பது மணி ஆகும். கூட்டம் கலைந்த பிறகு போ. அப்பாவை முதலில் பேசவிடு, நீ பின்னால் நில். ஞாயிறு எனக்குக் கடல் இல்லை. வேண்டுமென்றால் சொல், நானும் வருகிறேன்.