நீக்கிய பத்தி எங்கே போகிறது? பலர் சேர்ந்து எழுதும் தளங்களில் எங்கள் அனுபவங்கள்

நோயுற்ற பெற்றோரைப் பராமரித்த ஏழு பேர் சேர்ந்து, மைய வழங்கி (எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் சர்வர்) ஏதும் இல்லாத, பலர் சேர்ந்து எழுதும் ஒரு தளத்தில் கையேடு ஒன்றை எழுதினோம். முழு நகலும் அதன் திருத்த வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். யாரோ ஒருவர் வழங்கியை மூடிவிட்டால் எழுத்து அழிந்துவிடும் என்ற அச்சம் இல்லை. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். என் அம்மாவின் மறதி நோயைப் பற்றி எழுதும்போது, அவருடைய பெயரையும், இரவுகளில் அவர் என்னிடம் சொன்ன சில வார்த்தைகளையும் சேர்த்துவிட்டேன். மறுநாள் அதைப் படித்த என் தங்கை, "அம்மா நல்ல நினைவோடு இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா?" என்று கேட்டாள். உடனே அந்தப் பத்தியை நீக்கினேன்.

மூன்று மாதங்களுக்குப் பின், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அம்மாவின் பெயரைக் குறிப்பிட்டு எனக்கு ஆறுதல் எழுதியிருந்தார். பழைய திருத்தங்களைப் புரட்டியபோது அந்தப் பத்தியை அவர் படித்திருக்கிறார். நான் நீக்கிய செயலும் வரலாற்றில் இன்னொரு திருத்தமாகவே பதிந்திருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் ஹேஷ் எனப்படும் கணித அடையாளமும் அதற்கு முந்தைய திருத்தத்தின் அடையாளத்தையும் உள்ளடக்கியே கணக்கிடப்படுவதால், நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் மாறிவிடும். அந்தப் பத்தியை உண்மையிலேயே அகற்ற, வரலாற்றைப் புதிதாகக் கட்டி, எல்லோரும் பழைய நகலைக் கைவிட வேண்டும். ஐந்து நண்பர்கள் அன்றே செய்தார்கள். ஆறாமவரைத் தொடர்புகொள்ள இயலவில்லை.

* * *

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கு நேர்ந்தது உரிமை பற்றியது. அத்தகைய ஒரு தளத்தில் நான் எழுதிய கட்டுரையை, உடன் எழுதியவர் ஒருவர் வேறு சில பகுதிகளோடு சேர்த்து விலைக்கு விற்கும் நூலாக்கினார். முறையிடப் போனபோதுதான் தொகுப்பின் உரிமத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். அது கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல் 4.0; அதாவது, எழுதியவரைக் குறிப்பிட்டு, மாற்றியதை அதே உரிமத்தில் பகிர்ந்தால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் பொது உரிமம். வணிகப் பயன்பாட்டை அது தடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் இயலாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்கிறது. ஆகவே கட்டுரை அன்றும் இன்றும் என்னுடையதுதான். ஆனால், அதை என்னவெல்லாம் செய்யலாம் என்ற அனுமதியை நானே எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். அதே உரிமம் ஒன்றை எனக்கு விட்டுவைத்திருந்தது: நியாயமாக இயன்ற அளவுக்கு, என் பெயரை எடுத்துவிடுமாறு கோரலாம். கோரினேன்; அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார். பெயர் போனதில் நிம்மதியும் துக்கமும் சேர்ந்தே இருந்தன.

* * *

உங்கள் இருவரையும் போல எங்கள் குழுவுக்கும் ஒரு சிக்கல் வந்தது, எழுதியதை அழிப்பதில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. மையமே இல்லாத தளத்தில் அந்தக் கோரிக்கையை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நாங்கள் திணறினோம். இப்போது தனிப்பட்ட பகுதி ஒவ்வொன்றையும் தனித்தனித் திறவுகோலால் மறையாக்கம் செய்தே, அதாவது அந்தத் திறவுகோல் இல்லாமல் படிக்க இயலாதபடி மாற்றியே, பகிர்கிறோம். எல்லோரும் திறவுகோலை அழித்துவிட்டால், நகல்கள் எங்கே கிடந்தாலும் படிக்க இயலாது. ஏற்கெனவே படித்து வேறிடத்தில் படியெடுத்தவரிடம் மட்டும் இது பலிக்காது.

* * *

இருவருக்கும் நன்றி. ஆறாமவரின் பழைய மடிக்கணினி என்றாவது இணைப்புக்கு வந்தால், அதிலுள்ள பழைய வரலாறு எங்கள் நகல்களோடு மீண்டும் கலந்துவிடக்கூடும். ஆகவே அந்தத் திட்டத்தையே கைவிட்டு, வேறொரு அடையாளத்தில் புதிய திட்டம் தொடங்கியிருக்கிறோம். அம்மாவைப் பற்றிய பகுதியை, பெயரில்லாமல், தங்கையும் நானும் சேர்ந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.