மாத்திரையை நிறுத்தினால் எதுக்களிப்பு திரும்புது: ஸ்கோப் வழி சிகிச்சை சரிவருமா?

பட்டர்வொர்த் குமரன்:
வயசு 44. ரொம்ப வருஷமா ஆசிட் குறைக்கிற எசோமெப்ரசோல் மாத்திரை 40 மி.கி., காலைப் பசியாறலுக்குப் பிறகு. நிறுத்தினால் சில நாளிலேயே புளிப்பு தொண்டை வரைக்கும் வருது. ஸ்கோப் (வாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறது) ரிப்போர்ட்டில் உணவுக்குழாய் புண் லாஸ் ஏஞ்சலஸ் கிரேடு பி (நாலு படியில் ரெண்டாவது), ஹையாட்டஸ் ஹெர்னியா (உதரவிதானத் துளை வழியா இரைப்பை மார்புக்குள் ஏறுறது) 2 செ.மீ. ஸ்பெஷலிஸ்ட் டிஐஎஃப், ஸ்ட்ரெட்டான்னு ஸ்கோப் வழி சிகிச்சை ரெண்டு சொன்னார். எது தேவலாம்?

ஸ்கோப் ரூம் அக்கா:
தம்பி, முதலில் மாத்திரை நேரத்தை மாத்துங்க. சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி போடணும். ஆசிட் பம்ப் சாப்பிடும்போதுதான் வேலையைத் தொடங்கும். அந்த நேரம் மருந்து இரத்தத்தில் இருக்கணும். பசியாறிட்டுப் போட்டால் பாதி வீண்.

அப்புறம் ரெண்டு டெஸ்ட். ஒண்ணு மேனோமெட்ரி, உணவுக்குழாய் தசையின் அழுத்தத்தை அளக்கிறது. உணவுக்குழாயின் அடி வால்வு சரியாத் திறக்காத அக்கலேசியா நோயிலும் சாப்பாடு மேலே வரும், கேஸ்டிரிக்னே பலர் நினைப்பாங்க. அந்த ஆளுக்கு இந்தச் சிகிச்சை செஞ்சு வால்வை இறுக்கினால் தண்ணிகூட இறங்காது. ரெண்டாவது பிஎச் டெஸ்ட், 7 நாள் மாத்திரையை நிறுத்திட்டு. உணவுக்குழாயில் ஆசிட் இருந்த நேரம் 6 சதவீதத்துக்கு மேலே போனால் நோய் உறுதி, 4-க்குக் கீழே இயல்பு. அன்னைக்குக் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துடாதீங்க, ரிப்போர்ட் அழகா வரும், நோய் தெரியாது. வழக்கமா சாப்பிடுற நாசி கண்டார், தே தாரிக் எல்லாம் சாப்பிட்டு, சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எரிச்சல் வந்த நேரம் மூணையும் குறிச்சு வைங்க.

செராஸ் மருத்துவர்:
டிஐஎஃப் முழு மயக்கத்தில் செய்வது. ஸ்கோப்பின் மேல் கருவியை மாட்டி வாய் வழியே இறக்கி, இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மடித்து, பாலிப்ரொப்பிலீன் முடிச்சுகளால் பிடிக்க வைப்பார்கள். சுமார் 20 முடிச்சு. கரையாது, உள்ளேயே இருக்கும். சுமார் 270 பாகை சுற்றளவில் 2, 3 செ.மீ. நீள வால்வு கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த 2 செ.மீ.தான். டிஐஎஃப் தனியாகச் செய்ய அதுவே மேல்வரம்பு. உதரவிதானத்தின் துளை அகன்றிருந்தால், மடித்த வால்வு நாளடைவில் மார்புக்குள் வழுக்கிப் போகும். மடிப்பு துளையை மூடாது. ஸ்கோப்பை உள்ளே திருப்பிப் பார்த்து, வால்வு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று 1 முதல் 4 வரை எழுதும் ஹில் கிரேடு என்ன என்று கேளுங்கள். 1, 2 என்றால் பேசலாம். 3, 4 என்றால் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை) துளையைத் தைத்து, அதோடு டிஐஎஃப் அல்லது இரைப்பையை உணவுக்குழாயைச் சுற்றித் தைக்கும் வழக்கமான ஃபண்டோப்ளிகேஷன்.

ஸ்ட்ரெட்டா வேறு வகை. பலூனிலிருந்து 4 ஊசிகள் தசைக்குள் போய் ரேடியோ அலைச் சூடு கொடுக்கும். ஹெர்னியாவைத் தொடவே தொடாது. பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால், 2022 அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. என் கருத்தும் அதே.

பட்டர்வொர்த் குமரன்:
நன்றி டாக்டர். ஜப்பான் முறைன்னு ஒண்ணு சொல்றாங்களே? மெடிக்கல் கார்டு (இன்சூரன்ஸ்) கவர் பண்ணுமா?

செராஸ் மருத்துவர்:
ஆர்ம்ஸ். இரைப்பை வாயருகே சளிச்சவ்வை அரைவட்டமாக உரித்தெடுப்பார்கள். ஆறும் தழும்பு வாயைச் சுருக்கும். சுற்றிலும் முழுக்க உரித்தால் அடைத்துக்கொள்ளும், பிறகு பலூனால் விரிக்க வேண்டிவரும். பெரிய ஹெர்னியாவுக்கு அதுவும் பொருந்தாது.

ஸ்கோப் ரூம் அக்கா:
கார்டு விஷயம்: செய்முறைப் பேரையும் கருவிச் செலவையும் தனித்தனியா எழுதி வாங்கி, செலவை ஏத்துக்கிறோம்னு இன்சூரன்ஸ் தரும் கேரண்டி லெட்டரை முன்கூட்டியே கேளுங்க. கடைசி நேரத்தில் கருவிக்கு மட்டும் கை விரிச்சா பெரிய தொகை உங்க தலையில்.

டிஐஎஃப் செஞ்ச பிறகு 2 வாரம் திரவம், 6 வாரம் வரை மசிச்ச சாப்பாடு, கனம் தூக்கக்கூடாது. குமட்டினால் உடனே சொல்லுங்க, ஓங்கரிப்பு முடிச்சைப் பிய்ச்சிடும். நெஞ்சு வலி கூடினாலோ, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தாலோ, கழுத்துத் தோலுக்கடியில் நறநறன்னு இருந்தாலோ காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க. உணவுக்குழாயில் ஓட்டை விழுந்ததுக்கு அறிகுறி அது.